ரம்பப் பல்

நகராட்சிச் சங்கு ஐந்து மணிக்கு ஊதிக்கொண்டிருந்தபோது அப்துல் வாஹித் அலமாரியிலிருந்து சுருட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். பஞ்சில் ஒரு குழி காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தோல்ஷாப்புக்கு விடுமுறை. ஜும்மா முடிந்ததிலிருந்து அவர் ஷாப்பின் பின்புறம் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில் கற்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். தோலிலிருந்து மயிரைக் கழற்றச் சுண்ணாம்பு வேண்டும். அதற்கான கல் அரியலூர்ப் பக்கமிருந்து ரயிலில் வரும். அவர் அங்கே சரக்கு ரூம் கணக்குப்பிள்ளை. சில வருஷங்களுக்கு முன் வந்திறங்கிய கல்லை அளக்கப் போனபோது, உடைந்த கல் ஒன்றில் ஒரு பல் நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் அங்கேதான். கையில் சின்னச் சுத்தியல், ஆணி, ஒரு பல்துலக்கும் பிரஷ். ஷாப்பில் அவருக்குப் பெயர் 'கல்லுக்குப் பல் பிடுங்குற டாக்டர்'.

கீழக்கரையிலிருந்த மச்சான் காய்ந்த சுறாத் தாடை ஒன்றை அனுப்பியிருந்தான். கல்லிலிருந்து எடுத்த பல்லை அந்தத் தாடையோடு வைத்துப் பார்ப்பார். மேலா கீழா, இடமா வலமா, நடுவா ஓரமா என்று ஒரு பல்லுக்கு ஒரு மாதம்கூட ஆகும். முடிவானதும் துண்டுச் சீட்டில் எழுதி, பல்லின் வேரிலேயே ஒட்டிவிடுவார்.

காலியான குழியில் இருந்தது ரம்பப் பல். முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பு முழுக்க ரம்பம்போல் இருக்கும். இன்று கிடைத்ததை அதோடு ஒப்பிடத்தான் அவசரமாக வந்திருந்தார்.

"அஜீஸு, இந்தப் பெட்டியைத் தொட்டியா?"

அடுப்படியிலிருந்து மனைவி அஜீஸுன்னிசாவின் குரல் வந்தது. "தொடுவேனா? தொட்டா வீடு இடிஞ்சு விழுந்துருமே."

"ஒண்ணு கொறையுது."

"ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். கோவிச்சுக்கிறாதீக. ஒரு சுறாவே செய்யுற அளவுக்கு வச்சிருக்கீக." முந்தானையில் கையைத் துடைத்தபடி அவள் வாசற்படிக்கு வந்தாள். "நம்ம பூக்காரி மாயக்கா புள்ளைக்கிக் குடுத்தேன். மத்தியானம் பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டு வந்திருந்தாளே. நீங்ககூட ஊதிவிட்டீகளாமே."

ஊதியிருந்தார். ஜும்மா முடிந்து வெளியே வரும்போது பேகம்பூர்ப் பள்ளிவாசல் படிக்குக் கீழே வழக்கம்போல் பெண்கள் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். சுற்றுப்பட்டிக் குடியானவப் பெண்கள். குழந்தைக்குச் சுகமில்லை என்றால் வந்து நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அவரும் ஒரு குழந்தையின் முகத்தில் ஊதினார். மூக்கில் சின்ன வளையம். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, இதற்கு மூக்குக் குத்தி மூக்கையா என்று பெயர் வைத்திருந்தாள் மாயக்காள். ஊதியதும் குழந்தை கண்ணைச் சிமிட்டிச் சிரித்தது.

"பத்து மாசமாச்சு, ஒரு பல்லு வரலைன்னு அழுதா. சுறாவுக்குப் பல்லு விழ விழ முளைச்சுக்கிட்டே இருக்கும், ஆயுசுக்கும் நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீக? அதான் கறுப்புக் கயித்துல கட்டிக் கழுத்துல போட்டுவிட்டேன். போட்டதுதான் தாமசம், எடுத்து வாயில வச்சுக்கிட்டான். சப்புறான் சப்புறான், அப்புடிச் சப்புறான்."

அப்துல் வாஹித் பெட்டியை மூடினார். மூடிய கை மூடியின் மேலேயே இருந்தது.

"கழுவிக் குடுத்தியா?"

"நல்லா கேட்டீக. கழுவினா சீட்டு போயிரும், கழுவினா சீட்டு போயிரும்னு எத்தனை தடவை என்னைய வஞ்சிருக்கீக? ஒரு சொட்டுத் தண்ணி படாம அப்புடியேதான் கட்டினேன்."

சீட்டைப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. மைதாப் பசை என்றால் கரப்பானுக்கு விருந்து. மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் பாதிப் பற்களுக்குப் பெயர் இருக்காது. ஷாப்பில் காய்ந்த தோலைக் கப்பலுக்குக் கட்டுமுன் வண்டு அரிக்காமல் இருக்கப் பாஷாணத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். சரக்கு ரூம் சாவி அவரிடம். நேற்று ஒரு சின்னச் சீசாவில் கொண்டுவந்து பசையில் கலந்தார். தோல்ஷாப்பில் வேலை செய்கிற எவனுக்கும் தோன்றுகிற யோசனைதான். ரம்பப் பல்லின் வேர் பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையானது. பசையை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதற்குத்தான் அதிகம் வைத்தார்.

அஜீஸுன்னிசாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சீசாவை வீட்டுக்குள் விடமாட்டாள். பெட்டியைத் தொடாதே என்று மட்டும் சொன்னார். அதைத்தான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தார்.

"அஜீஸு. அதுல பாஷாணம் இருக்கு."

"எதுல?"

"அந்தப் பசையில. ஷாப்புல தோலுக்குப் போடுறது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதானே முடிச்சுப் போட்டேன். இந்தக் கையாலதானே மாவு பெசைஞ்சேன்."

"மாவைக் கொட்டிரு. கையை நல்லா கழுவு."

"புள்ளைக்கு என்னாகும்?"

ஷாப்பில் முக்குத் தொட்டியில் ஒரு நாய் வாய் வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. காலையில் வைத்தது. முதலில் கக்கியது. பிறகு நீராகப் போனது. சாயங்காலம் வாட்ச்மேன் அதைச் சாக்கில் போட்டு எடுத்துப்போனான்.

"ஒண்ணும் ஆகாது," என்றார். "போய் வாங்கிட்டு வந்துர்றேன்."

"நானும் வாரேன்."

"நீ வேணாம்."

"நான்தானே குடுத்தேன்."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

அவள் தெருமுனைவரை ஓடிவந்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிருங்க. எதையும் மறைச்சுராதீக. கேக்குதா?" அவர் திரும்பாமல் தலையை ஆட்டினார்.

நிலக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நயா பைசா வந்து சில மாதமே ஆகியிருந்தது. கண்டக்டருக்கும் ஒரு கிழவிக்கும் சின்னாளபட்டிவரை சில்லறைச் சண்டை. "இம்புட்டூண்டு காசைக் குடுத்து ஏமாத்துறியேலே, இதைக் கோழி முழுங்கிருமே," என்றாள் கிழவி. பஸ்ஸே சிரித்தது. அப்துல் வாஹித் முன்சீட்டுக் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் காலிப் பூக்கூடைகளோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் நல்லுசாமி என்றான். ஊரைச் சொன்னான். மாயக்காளின் ஊர். அப்துல் வாஹித் அவள் வீட்டுக்கு வழி கேட்டார்.

"மாயக்கா வீட்டுக்கா போறீக பாய்? வாங்க, கூட்டிட்டுப் போறேன். அவளை மத்தியானம் பஸ்டாண்டுல பாத்தேன். புள்ளை தோள்ல கக்கிக்கிட்டே இருந்துச்சு. பூவெல்லாம் நாறிப்போச்சுன்னு ஒரே சிரிப்பு."

"கக்குச்சா?"

"பல்லு முளைக்கிற நேரம், கக்கத்தானே செய்யும்." நல்லுசாமி வெற்றிலையைக் கிள்ளினான். "ஆனா அவ புருசன் கருப்பணன் லேசுப்பட்ட ஆளில்ல. போன புள்ளை செத்தப்ப, சூரணம் குடுத்த வைத்தியரு கையை முறிச்சுப்புட்டான். அந்த மனுசன் இன்னிக்கும் இடது கையாலதான் சாப்புடுறாரு. இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா ஊரையே கொளுத்திருவான். வெத்தலை போடுறீகளா?"

"வேணாம்."

கொடைரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்தது. அப்துல் வாஹித் மனதுக்குள் பேசிப் பார்த்தார். தப்பாக வேறு பல்லைக் கொடுத்துவிட்டாள், இது விலை உயர்ந்தது, திருப்பிக் கொடு, நல்லதாக இன்னொன்று தருகிறேன். இவ்வளவுதான். பல்லை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். குழந்தை பிழைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிழைக்காவிட்டாலும் என்ன, முன்னால் இரண்டு தங்கவில்லை, இதுவும் தங்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.

அந்த நினைப்பு அவ்வளவு வேகமாக வந்தது. யாரோ பின்சீட்டிலிருந்து காதில் சொன்னதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் கிழவி காசை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தது.

ரோட்டைவிட்டு இறங்கி மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நல்லுசாமி கூடைகளைத் தலைமேல் அடுக்கிக்கொண்டு முன்னால் பேசிக்கொண்டே போனான். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம் தெரிந்தது.

அப்துல் வாஹிதின் கால் நின்றது.

"என்ன பாய், செருப்பு அறுந்துருச்சா?"

கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அழுகை இல்லை. சிரிக்கிறார்கள்.

"அடியே, பாயே வந்துட்டாகடி!" மாயக்காள்தான். நல்ல உயரம், கறுத்த முகம், கொண்டையில் அவள் கட்டிய பூவே கொஞ்சம். "நினைச்சுக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு ஆயுசு நூறு. உக்காருங்க பாய். ஏலே, அந்தக் கட்டிலை இழுத்துப் போடுங்கடா!"

வாசலில் நாலைந்து பெண்கள். மூன்று பேர் இடுப்பில் குழந்தை. நடுவில் தரையில் ஒரு பித்தளைச் செம்பு, பக்கத்தில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. செம்பின் விளிம்பில் கறுப்புக் கயிறு தொங்கியது.

"அது என்னது?"

"உங்க பல்லுதான் பாய். கழுத்துலயே கிடந்தா முழுங்கிருவானோன்னு பயந்து கழட்டிட்டேன். எங்க அத்தைதான் சொன்னாக, தண்ணியில போட்டு வச்சு அந்தத் தண்ணியக் குடுத்தாலும் அதே பலன்தானேன்னு. எங்க தெருவுல பல்லு வராதது இன்னும் மூணு இருக்கு. எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு பாலாடை."

"குடுத்துட்டீங்களா?"

"இனிமேத்தான். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. ஒரு ஊது ஊதிவிட்டுருங்க. இன்னும் வேகமா முளைக்கட்டும்."

"என் புள்ளைக்கி மொதல்ல," என்றாள் ஒருத்தி.

"உன் மகனுக்குப் பல்லு முளைச்சா மொதல்ல உன்னையத்தான்டி கடிப்பான்," என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

அப்துல் வாஹித் குனிந்து கயிற்றை இழுத்தார். பல் மேலே வந்தது. சாய்ந்த முனை, ரம்ப விளிம்பு, இடப்பக்க மேல்தாடைப் பல். பொழுது சாய்ந்தும் அவருக்கு அது தெரிந்தது. வேரில் சீட்டு இல்லை. பசையும் இல்லை. வேரின் ஓட்டைகள் ஒவ்வொன்றும் சுத்தமாகத் தெரிந்தன. அவர் பிரஷ் வைத்துத் தேய்த்தும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

"இதுல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சே."

"காயிதமா? அதைப் பஸ்ஸுலயே சப்பித் தின்னுட்டான்," மாயக்காள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "பொல்லாத பய. விரலை விட்டு எடுக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள உள்ள போயிருச்சு."

அவர் செம்பைத் தூக்கினார். ஊதப்போகிறார் என்று பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். அவர் இரண்டடி தள்ளிப்போய்ச் செம்பை மண்ணில் கவிழ்த்தார்.

"ஐயோ, என்ன பாய் இது!"

"பள்ளிவாசல் வீட்டுல இருந்து வந்த பொருளு போட்ட தண்ணி, மண்ணுலயா ஊத்துறது?" உள்ளிருந்து அத்தையின் குரல்.

"கை தவறிருச்சு."

தண்ணீர் ஓடிய இடத்துக்கு அடையப் போகிற கோழி ஒன்று குஞ்சுகளோடு வந்தது. ஈர மண்ணில் அலகை வைத்தது. அப்துல் வாஹித் செருப்பைக் கழற்றி அதன்மேல் வீசினார். கோழி கத்திக்கொண்டு பறந்தது. காலால் மண்ணைத் தள்ளி ஈரத்தை மூடினார். மறுபடி மூடினார். நிமிர்ந்தபோது பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பையன் எங்கே?"

வீட்டுக்குள் சேலைத் தொட்டில் தொங்கியது. மாயக்காள் துணியை விலக்கினாள். "இப்பத்தான் அசந்து தூங்குறான். சாயங்காலம் பூராக் கக்கலு. பேதியும் போச்சு, தண்ணி தண்ணியா. பல்லு வரப்போகுதுல்ல. மருந்து வேலை செய்யுதுன்னு அத்தை சொன்னாக."

மூக்கு வளையம் மட்டும் மினுங்கியது. உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மத்தியானம் ஊதியபோது சிரித்த முகம்தானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் பாதத்தைத் தொடக் கையை நீட்டினார். பல்லைப் பிடித்த கை என்பது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். இடது கையால் தொட்டார். பாதம் குளிர்ந்திருந்தது.

"தூக்குங்க. நிலக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"எதுக்கு?"

"காய்ச்சல்."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "காய்ச்சலா?" கருப்பணன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். தோளில் மண்வெட்டி. வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்து புறங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தான். "புள்ளை சில்லுன்னு கிடக்கு. காய்ச்சலுங்கிறீக?"

"காய்ச்சல் உள்ளுக்குள்ள போயிருச்சு. நேரமாச்சுன்னா கை மீறிரும். என் பேச்சைக் கேளுங்க தம்பி."

"உங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்க இப்பத்தானே வாரீக?"

"திண்டுக்கல்லுல இந்த மாதிரி பாத்திருக்கேன்."

அது பொய்யில்லை. நாயைத்தான் பார்த்தார்.

கருப்பணன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தான். தலை பின்னால் தொங்கியது. மாயக்காள் அந்தத் தலையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

ரயிலுக்குப் பூ ஏற்றுகிற வேன் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. நல்லுசாமி முன்னால் ஓடிச் சொல்லியிருந்தான். "கொடைரோட்டுக்கு அப்புறம் போய்க்கலாம், ரயிலு போனாப் போகட்டும்," என்று டிரைவரோடு அவன் மல்லுக்கு நிற்பது கேட்டது. பூ மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினார்கள். பின்கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே இருட்டு. மல்லிகை வாசனை மூச்சை அடைத்தது. கருப்பணன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கால் அப்துல் வாஹிதின் முழங்காலை இடித்தது. குழந்தை மாயக்காள் மடியில். வேன் குலுங்கும்போதெல்லாம் அது சின்னதாக முனகியது. முனகாத நேரம் அப்துல் வாஹித் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பல் கைக்குட்டையில் சுற்றியபடி அவர் சட்டைப்பையில் இருந்தது. டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். என்ன விஷம் என்று தெரியாவிட்டால் டாக்டர் வெறும் பேதிக்குத்தான் மருந்து கொடுப்பார். சொல்லிவிடுவேன் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டு, காதோடு. ஆனால் கருப்பணன் பிள்ளையை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகிற ஆளா? அந்த முழங்கால் அப்படித் தெரியவில்லை. அஜீஸு பெயர் வரக்கூடாது. நான்தான் கொடுத்தேன் என்று சொல்லலாம். மாயக்காளுக்கு யார் கொடுத்தது என்று தெரியும். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

குழந்தை கக்கியது. ஒன்றும் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

மாயக்காள் முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் ஒரு தடவை உள்ளே அடித்தது. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"பாய்," என்றாள். "தண்ணியக் கீழ ஊத்துனீக. சரி, கை தவறிருச்சு. கோழியை எதுக்குச் செருப்பால வெரட்டுனீக?"